வியாழக்கிழமை விலைநிலவரம்

ஏப்ரல் மூன்றாம் வியாழன்.
மேற்கு நெப்ராஸ்கா,
பிளாட் ஆற்றில் தொடங்கி வடக்கே மணல்மேடுகள் வரை
என் தொலைபேசியின் எல்லை.
மொத்தம் நாற்பத்தொரு எண்கள்.

எடுத்ததும் வானிலை பேச வேண்டும்.
வானிலை தீர்ந்தால் கன்றுகள்:
எத்தனை பிறந்தன, எத்தனை எழுந்து நின்றன.
அதற்கும் பிறகுதான் கேட்கலாம்
டன் என்ன விலைக்குப் போனது என்று.
முந்திக் கேட்டால்
பொய் சொல்வார்கள்.

குதிரைமசால், பெரிய சதுரக் கட்டு, முதல் தரம்:
இருநூற்றுப் பத்து.
அதுவே மழையில் நனைந்திருந்தால் நூற்று நாற்பது.
புல்வெளிப் புல், உருளைக் கட்டு: நூற்று அறுபது.
அறுவடை முடிந்து யாரும் சீண்டாத சோளத்தட்டைக்குக்கூட
இந்த வசந்தத்தில்
விலை முளைத்திருக்கிறது.
புல்தான் இன்னும் முளைக்கவில்லை.

டெல்மார் ஹ்ருஸ்காவிடம்
தார்ப்பாய்க்கு அடியில் நூற்றிருபது உருளைகள்.
பிப்ரவரியிலிருந்து ஒரே பதில்:
"இன்னும் ஒரு பனி விழட்டும்."
பனி விழுந்தால் டன்னுக்கு இருபது டாலர் ஏறும்.
அதே பனியில்தான்
அவருடைய பசுக்களும் கன்று போட வேண்டும்.
விற்கிற வாய் பனியை வா என்கிறது,
வளர்க்கிற வாய் போ என்கிறது.
இரண்டும் ஒரே வாய்.
நடுவில் கொஞ்சம் இருமல்.

லோய்ஸ் வாவ்ராவின் புல்போர்
மார்ச் மாதத் தீயில் போயிற்று.
கம்பிவேலி நின்றது, கம்பங்கள் இல்லாமல்.
போன வாரம் அவள் எண்ணை அழுத்தியபோது
வானிலையும் பேசவில்லை, கன்றும் பேசவில்லை.
"அறுபது பசு. பதினோரு கட்டு மிச்சம்.
ஒரு நாளைக்கு ஒன்றரைக் கட்டு.
மேய்ச்சல் பச்சைக்கு இன்னும் நாற்பது நாள்."
மீதிக் கணக்கை அவள் சொல்லவில்லை.
யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.
நான் விலை எழுதுகிறவள், தரகு பார்க்கிறவள் அல்ல;
சொல்லக் கூடாது என்று
எங்கள் அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.
சொல்லவில்லை.
அன்று மதியச் சாப்பாடு இறங்கவுமில்லை.

இன்று இருபத்தொன்பதாவது எண்.
வானிலை சொன்னார். கன்றுகளைச் சொன்னார்.
"தார்ப்பாயைப் பாதி சுருட்டிவிட்டேன்" என்றார்.
விற்றாயிற்றா?
"போயிற்று."
எத்தனை?
"நாற்பத்தொன்பது."
என் பென்சில் நின்றது.
நானும் அதே எண்ணைத்தான்
போன வாரம் தாளின் ஓரத்தில் எழுதி
வட்டம் போட்டிருந்தேன்.
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"சாலையிலிருந்து எண்ணினால் தெரியாதா?
எனக்கும் மாடு இருக்கிறது."
டன் என்ன விலைக்கு?
டீசலுக்கு மட்டும் கொடுத்தாளாம்,
அதையும் அவள்தான் திணித்தாளாம்.
"எழுதித் தொலைக்காதே.
எழுதினால் ஊரே வந்து நிற்கும்."

எழுத முடியாது, டெல்மார்.
விலை இல்லாதது விற்பனை ஆகாது,
விற்பனை ஆகாதது பட்டியலில் ஏறாது.
சுழியத்தைச் சேர்த்தால் சராசரி சரிந்துவிடும்.

மிச்சம் எழுபத்தொன்று என்ன செய்யப் போகிறீர்கள்?
"அது விற்கத்தான். நூற்று எண்பத்தைந்து.
ஒரு டாலர் குறையாது.
யாரும் வராவிட்டால்
இன்னும் ஒரு பனி விழட்டும்."

மூன்று மணிக்குத் தட்டச்சு செய்தேன்:
வரத்து குறைவு. கிராக்கி பலம்.
புல்வெளிப் புல், உருளை, கையிருப்பு சுருங்கியதால்
டன்னுக்கு ஐந்து டாலர் ஏற்றம்.

கையிருப்பு ஏன் சுருங்கியது என்று
கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.
தீயில் போனதும் கொடுத்துப் போனதும்
எனக்கு ஒரே வரி.
அந்த ஐந்து டாலரை
எங்கோ ஓர் ஏழைப் பண்ணை கட்டப் போகிறது,
டெல்மார் கொடுத்த நாற்பத்தொன்பதுக்காக.
யாரிடம் போய்ச் சொல்ல?

காலையில் எடுக்காத எண் ஒன்று பாக்கி.
மணியடித்தது, நெடுநேரம்.
யாரோ மூச்சிரைக்க ஓடி வந்து எடுத்தார்,
பின்னால் ஒரு கன்றின் குரல்.
"உங்கள் பக்கம்" என்று ஆரம்பித்தேன்,
"பனி எப்படி?"