ஏழாவது தொழுவம்

நவம்பர் பாதியிலேயே
முதல் ஆறு தொழுவங்களில் நுரை கட்டிவிட்டது.
மூன்றாம் எண் பல்லை நறநறத்துத்
தீவனத் தொட்டியை உதைத்தது.
ஐந்தாம் எண்ணின் வாயோரம்
இளஞ்சிவப்பாய் ஒரு பை ஊதி வெளியே வந்து
குடத்தில் நீர் சரிவதுபோல் களகளத்து
மறுபடி தொண்டைக்குள் போனது.
பிடரி மயிரில் கறுப்பாய் வடிந்துகொண்டிருந்தது.

யானைக்குக் கன்னத்தில் வடிந்தால்
எங்கள் மொழியில் மதம் என்போம் என்றேன்.
இதற்கு? என்றார் பாபிகிர்.
இதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.
என் விசா படிவத்திலும் அப்படியொரு கட்டம் உண்டு,
அங்கே வேறு ஏதோ எழுதியிருக்கிறேன்.

ஏழாவது மட்டும்
இடித்த பேரீச்சங்கொட்டையைச் சாவகாசமாய் மென்றது.
ஐந்து வயது. பல் சரி, எடை சரி.
ரத்தத்தில் மட்டும்
பால் மறக்காத கன்றின் எண்.

நான் இங்கே சீவுகிறவன்.
அல் ஐன் கசாப்புக் கூடத்திலிருந்து
பனிப்பெட்டியில் வரும் மூளைகளை மெழுகில் அமிழ்த்தி
முடியில் பத்திலொரு பங்கு கனத்துக்கு
இழைத்து எடுப்பது என் வேலை.
அடியில், புளியங்கொட்டை அளவு ஓரிடம்.
அங்கே சிதறிக் கிடக்கும் கொஞ்சம் செல்கள்
பத்து மணி கோத்த ஒரு குட்டிச் சங்கிலியை
விட்டு விட்டு அனுப்புகின்றன.
ஒரு துடிப்பு, பிறகு மௌனம்,
பிறகு ஒன்று.
ஓயாமல் கொட்டினால் பிட்யூட்டரிக்குக் காது அடைத்துவிடும்,
விரையும் தூங்கிவிடும்.

அந்தச் செல்களை உலுக்கி எழுப்புவது இன்னொன்று,
கிஸ்பெப்டின்.
அமெரிக்காவில் ஒரு சாக்லேட் ஊரில் அகப்பட்டதால்
முத்தம் என்ற மிட்டாயின் பெயர் அதற்கு.
டாக்டர் மைஸூன் இதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை.
கண்ணாடித் தகட்டில் பழுப்புப் புள்ளிகளாய் அது தெரியும்போது
எனக்குத்தான்
ஒவ்வொரு முறையும் கூச்சம்.

பசியின் பெப்டைடும் பக்கத்து வாசலில்தான் குடியிருக்கிறது.
ஒரு வீட்டில் கல்யாணம் என்றால்
மறு வீட்டில் அடுப்பு எரியாது போலும்.
மூன்றாம் எண்ணின் விலா எலும்புகளை
இப்போது தூரத்திலிருந்தே எண்ணலாம்.

இரண்டு வாரம் ஏழாவதைச் சோதித்தோம்.
தைராய்டு பார்த்தோம், புழு பார்த்தோம்,
கலப்பினமோ என்று பரம்பரைச் சீட்டையும் பார்த்தோம்.
டிசம்பரில் ஒருநாள் சம்பளச் சீட்டில் கையெழுத்திட வந்த பாபிகிர்
அறை மாற்றித் தரச் சொல்லி மன்றாடினார்.
செப்டம்பரில் புது ரவுண்டானாவுக்கு நட்ட விளக்கு
விடிய விடிய முகத்தில் அடிக்கிறதாம்,
ஜன்னலில் தீவனச் சாக்கு ஒட்டியும் பயனில்லையாம்.

அவர் அறைக்கு அடுத்தது
ஏழாவது தொழுவம்.

டாக்டர் மைஸூன் பேனாவை மூடி வைத்தார்.
இரவு நீள்வதைக் கண் அளந்து சொன்னால்தானே
அந்தப் புளியங்கொட்டைக்குச் சேதி போகும்?
இந்த வருஷம் அந்தக் கண்ணுக்கு
குளிர்காலமே வரவில்லை.

தார்ப்பாய் வாங்கினோம், இரண்டு மடிப்பு.
மாலை ஐந்துக்கு இறக்கி, விடிந்ததும் ஏற்றினோம்.
அது முதல் நாள் ஓரத்தைக் கடித்துத் தின்றது.

என் அறையில் நான்கு பேர், மூன்று ஷிப்ட்.
ட்யூப் லைட்டை அணைத்து
இரண்டு வருஷம் ஆகிறது.
மிச்சம் வந்த தார்ப்பாயை
என் கட்டிலைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
ஊருக்குப் போன் பண்ணும்போது
எங்கே இருக்கீங்க, இவ்வளவு இருட்டா, என்றாள்.

கட்டுரையில் ஏழாம் எண்ணை நீக்கிவிட்டோம்.
ஆறு ஒட்டகங்கள், அழகான வரைபடம்.

மார்ச் கடைசி.
மற்றவை நுரை வற்றித் தீவனத்துக்குத் திரும்பியாயிற்று.
பெண் ஒட்டகங்களை ஹஃபீத் மலைப்பக்கம் ஓட்டிப் போயிருந்தார்கள்.
தார்ப்பாய்க்குள்ளிருந்து
குடத்தில் நீர் சரியும் சத்தம்.

பாபிகிர் தலையைப் பிடித்துக்கொள்ள
கழுத்திலிருந்து ரத்தம் எடுத்தேன்.
பிடரியின் கறுப்பு என் சட்டைக்கையில் ஒட்டியது,
மூன்று சலவைக்கும் போகவில்லை.
நல்ல எண். ஆறையும் விடப் பெரியது.
எந்தத் தாளில் எழுதுவதென்று
யாரும் சொல்லவில்லை.