‘மாட்டேன்’ என்பதை மெயிலில் எழுதுவது

இரவு இரண்டு நாற்பது.
கண்ட்ரோல் ரூம் ஏசிக்குக் கீழே வாளி வைத்திருக்கிறோம்,
சொட்டுகிறது.
மூன்றாம் ரியாக்டரின் அடிவால்வில் கேஸ்கெட் போய்விட்டது.
ஆறு நாளாக நகப்பூச்சு வாசம்.
குடிகாட்டில் யாரோ ஜன்னல் சாத்துவதை
இங்கிருந்து பார்க்க முடியாது.
சாத்தியிருப்பார்கள்.

தணிகாசலம் கையுறையைக் கழற்றி
மேசைமேல் வைத்தான்.
“அத மாத்தாம நான் கீழ எறங்க மாட்டேன் சார்.
எழுதிப் போட்டுடுங்க.”
சொல்லிவிட்டு டீ ஊற்றப் போனான்,
எனக்கும் சேர்த்து.

எழுத வேண்டும், வைத்தீஸ்வரன் சாருக்கு.
நெல்லிக்குப்பத்துக்காரர்.
“என்னய்யா, கொழம்புல உப்பே இல்ல” என்று
கேன்டீனில் நேராகச் சொல்லத் தெரிந்தவர்.
ஆனால் மெயிலின் நகல் மும்பைக்குப் போகும்.
மும்பைக்குப் போவதெல்லாம் இங்கிலீஷில் போகும்.

போன மாதம் புதுச்சேரியில்,
கடல் தெரியாத ஒரு ஓட்டல் அறையில்,
எங்களுக்கு ஒருநாள் வகுப்பு:
வேலையிடத்தில் யோசனை சொல்வது எப்படி.
ரோஸ்லின் மேடம் பலகையில் எழுதினார்.
ஷுட் வேண்டாம், அது அதிகாரம்.
குட் சொல்லுங்கள். மைட் இன்னும் இதம்.
பின்வரிசையில் பாய்லர் ஜமாலுதீன் கிசுகிசுத்தான்:
“ஷுட்டுன்னா சுடு, குட்டுன்னா நல்லது.
சரியாத்தான சொல்றாங்க.”
மேடத்துக்கும் கேட்டுவிட்டது, சிரித்தார்.
மத்தியானம் வஞ்சிர வறுவல் நன்றாக இருந்தது.

பெர்ஹாப்ஸ் வி குட் கன்சிடர்
என்று ஆரம்பித்தேன்.
கேஸ்கெட்டுக்குப் பெண் பார்க்கப் போவது போலிருந்தது.
அழித்தேன்.
இட் மைட் பி எ குட் ஐடியா.
ஆறு நாளாக ஒழுகுவதை
எப்படி ஐடியா என்பது?
அழித்தேன்.
இஃப் ஐ வேர் யூ
கை நின்றது.
வாஸ் இல்லை, வேர் என்று மூன்று முறை சொன்னார் மேடம்.
நடக்காததைச் சொல்லும்போது அப்படித்தானாம்.
நடக்காததுதான்.
நான் நீங்களாக இருந்தால், சார்,
மஞ்சக்குப்பத்தில் கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டிருப்பேன்.
நீங்கள் தணிகாசலமாக இருந்தால்
உங்களுக்கும் வேர்க்கும்.

தமிழில் எங்களுக்கு ஒரு ‘லாம்’ போதும்.
மாத்தலாம் என்றால் யோசனை.
நீங்க போகலாம் என்றால் அனுமதி,
சமயத்தில் சீட்டுக் கிழிப்பதும்.
விடிந்தால் மழை வரலாம்.
குனிந்து வால்வைத் திறக்கிறவன் கண்ணில் தெறிக்கலாம்.
எல்லாம் அதே லாம்.
அதையும் நம்பி எழுத முடியவில்லை.

டீ வந்தது.
“போட்டாச்சா சார்?”
“மாட்டேங்கறத மரியாதையா எப்படிச் சொல்றதுன்னு பாக்கறேன்.”
“மரியாதையாத்தான சொன்னேன்.
சார் போட்டுத்தான சொன்னேன்.”

மூன்றேகாலுக்கு அனுப்பினேன்:
தணிகாசலம் வில் நாட் கோ டவுன்.
ஐ வில் நாட் சென்ட் ஹிம்.
சேஞ்ச் இட்.
ப்ளீஸ் சேர்க்க மறந்துவிட்டேன்.
இல்லை, மறக்கவில்லை.

பதில் ஒன்பது பத்துக்கு வந்தது.
பஸ் கெடிலம் பாலத்தில் நின்றிருந்தது,
முன்னால் கரும்பு டிராக்டர்.
பாயிண்ட் நோட்டட். கைண்ட்லி மைண்ட் யுவர் டோன்.
டோன் என்பதை இரண்டு தடவை படித்தேன்.
அதற்குள் மூக்கிலிருந்து அந்த வாசம் போயிருந்தது,
அல்லது பழகியிருந்தது.

வியாழக்கிழமை கேஸ்கெட் வந்தது,
பழைய பேப்பரில் சுற்றி, வெள்ளை டெஃப்லான்.
அதே நாளில் ஒரு சர்க்குலரும்:
அடுத்த மாத வகுப்புக்கு
மறுபடி என் பெயர்.

தணிகாசலம் கேஸ்கெட்டை
பழைய வளையத்தின்மேல் வைத்துப் பார்த்தான்,
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான்.
“ஒரு நூல் கம்மி சார்.
எழுதிப் போடுங்க.”