ஆட்டுத்தலை

பீட்ரூட் வேகும் சர்க்கரை ஆலையின் வாடை
நாம்பா ஊருக்குள் நுழைகிற மாதத்தில்
சைக்கிள் கடை லாரன் அர்ரெகி
ஒரு டப்பா வாங்கப் போனார்.
கறுப்பு டப்பா. சிவப்பில் ஒரு காளை.
காளையின் மூக்கிலிருந்து புகை.
விலை அறுபத்தெட்டு டாலர்,
இரண்டு வாங்கினால் மூன்றாவது இனாம்.
மூன்றுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.
கல்லாவில் இருந்த பையனிடம் சொன்னது:
"மருமகனுக்கு."

வயது ஐம்பத்து மூன்று.
மதியம் மூன்றடித்தால் இமை கனக்கிறது.
கடைக் கண்ணாடியில் தெரிகிற வயிறு
வேறு யாருடையதோ.
கட்டிலில் டார்லா பக்கம் திரும்ப நினைத்து
நினைப்பிலேயே உறங்கிப்போகிறார்.

முதல் வாரம் கால்கள் லேசானது மாதிரி.
இரண்டாம் வாரம் தோள் அகன்றது மாதிரி.
'மாதிரி' என்ற சொல்லுக்கு
இவ்வளவு தெம்பு உண்டென்று
அதுவரை அவருக்குத் தெரியாது.

ஒரு மாலை, ஆளில்லாத நேரம்,
நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கி
டப்பாவின் முதுகைப் படித்தார்.
துத்தநாகம். வெந்தயம்.
பிறகு நாக்கு இடறும் ஒரு லத்தீன் பெயர்.
கைப்பேசியில் தட்டினார்; படம் வந்தது.
தரையோடு தரையாய்ப் படர்ந்த கொடி,
சின்ன மஞ்சள் பூ,
கொம்பு முளைத்த காய்.
நெருஞ்சி.

அந்தப் பக்கம் அதற்கு ஆட்டுத்தலை என்று பெயர்.
முப்பது வருஷமாய் அவருக்குச் சோறு போடுவது அதுதான்.
ஜூலை பிறந்தால் ஆற்றோரப் பாதையிலிருந்து
உருட்டிக்கொண்டு வருவார்கள்:
தபால்காரர், லூதரன் பாதிரியார்,
இளஞ்சிவப்புச் சைக்கிளோடு அழுகிற ஒன்பது வயது.
குறட்டால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
காப்பித் தகரத்தில் போடுவார், டிங், டிங்.
ஊர்ச் சக்கரங்களின் காற்றையெல்லாம் இறக்கிய முள்
தனக்கு மட்டும் காற்றடிக்கும் என்று
காசு கொடுத்து நம்பியிருக்கிறார்.

சிரித்தார். நன்றாகவே சிரித்தார்.
சிரிப்பு அடங்கியதும்
அன்றைக்கு உரிய இரண்டு மாத்திரையையும் விழுங்கினார்.
வாங்கியாயிற்றே.

ஜனவரிப் பனியில், வெறும் வயிற்றில்,
காலை ஏழரைக்கு ரத்தம் கொடுத்தார்.
"மாதிரி எடுத்தாயிற்று" என்றாள் ஊசி போட்ட பெண்.
கோடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
இப்போது முந்நூற்றொன்பது.

"இறங்கிவிட்டதா?"
"இல்லை, இரண்டும் ஒரே எண்தான்.
ரத்தம் நாளுக்கு நாள் இதைவிட அதிகமாகத் தள்ளாடும்."
டாக்டர் ஹமாடா அவசரப்படாமல் பேசினாள்:
"துத்தநாகம் குறைந்தவனுக்கு அது உதவும்.
உங்களுக்குக் குறையவில்லை.
வெந்தயத்தில் சின்னச் சின்ன ஆய்வுகள்;
சிலதில் கொஞ்சம் ஏறியது, சிலதில் இல்லை,
நான் சத்தியம் செய்ய மாட்டேன்.
அந்த முள்ளைக் கொடுத்துப் பார்த்ததில்
பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை."
பேனாவை மூடினாள்.
"குறட்டை உண்டா?"

தெரியாது என்றார் லாரன்.

ஓரத்து நாற்காலியில் டார்லா
பத்திரிகையிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
"குறட்டை பரவாயில்லை. அது நிற்கும் பாருங்கள்,
மூச்சும் சேர்ந்து நிற்கும்.
நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.
ஒரு தடவை இருபத்தாறு வரை போனது."

முந்நூற்றுச் சொச்சம் இரண்டும் மறந்துபோயின.
இருபத்தாறு.
காணாமல்போன ஓர் ஆளை
அவர் டப்பாவுக்குள் தேடிய இரவுகளில்
பக்கத்தில் ஒருத்தி இருட்டைப் பார்த்தபடி
அடுத்த மூச்சுக்குக் காத்திருந்திருக்கிறாள்.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

இப்போது மூன்று கறுப்பு டப்பாவிலும்
பிடுங்கிய முட்கள். மூடி நன்றாக இறுகுகிறது,
அந்த மட்டில் நல்ல சரக்கு.
மதியத் தூக்கம் முழுசாய்ப் போகவில்லை.
வயிறும் எங்கும் போகவில்லை.
மறுபடி ரத்தம் கொடுக்க ஏப்ரலில் ஒரு தேதி இருக்கிறது.

இரவில் முகமூடி, மூக்கிலிருந்து நீளும் குழாய்,
இயந்திரத்தின் மெல்லிய இரைச்சல்.
காளைக்குப் புகை, எனக்கு இது
என்று ரப்பருக்குள்ளிருந்து சொன்னார்.
அவளுக்குப் புரியவில்லை.
முகமூடியைத் தூக்கி மறுபடி சொன்னார்:
"இன்றைக்கு எண்ணாதே. தூங்கு."

"சரி" என்றாள்.
நான்கு வரை எண்ணியிருப்பாள்.