சிவப்புச் சீட்டு

ஆறரை மணிக்கே வந்துவிடுகிறார்கள்
கழிவறைப் பெட்டியைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு,
கார்டிகன் விரிகுடாவைப் பார்த்தபடி,
யார் முகத்தையும் பாராமல்.
காலிப் பெட்டியோடு திரும்பும்போதுதான்
"நல்ல காற்று, மேனிர்" என்பார்கள்.
நிறைந்த பெட்டிக்கு நாக்கு கிடையாது.
இந்தக் கேரவன் திடலின் எழுதாத சட்டம் அது.

எழுதிய சட்டங்கள் என்னுடையவை.
பச்சைத் தொட்டி கண்ணாடிக்கு.
நீலம் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும்.
பூட்டுப் போட்ட சின்னப் பழுப்பு, மிச்சச் சோற்றுக்கு.
கூடாரத்தை எதிலும் போடாதீர்கள்.
வெல்ஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை,
படிக்கப் பொறுமையில்லாதவர்களுக்குப்
படமாக ஒருமுறை.
நான் வரைந்த தயிர்க் கோப்பையைப்
பாதிப்பேர் வாளி என்று நினைத்தார்கள்.

பதினொரு வருடம்
லாரிக்காரன் கெரைன்ட் ஒரு குறை சொன்னதில்லை.
பாராட்டி, கவுன்சிலிலிருந்து கடிதமே வந்தது.
அதற்கும் ஒரு சட்டம் அடித்து
சாவிக் கொத்துகளுக்கு மேலே மாட்டினேன்.

இந்த மே மாதம்,
விடுமுறைத் திங்கள் கழிந்த மறுநாள்
நீலத் தொட்டியின் நெற்றியில்
சிவப்புச் சீட்டு.
"எடுக்க முடியாது." கெரைன்ட் இறங்கக்கூட இல்லை.
மூடியைத் திறந்தேன்.
இன்னும் சூடாறாத அடுப்புக்கரி.
ஒற்றைச் செருப்பு.
மயோனைஸ் பாதி நிற்கும் புட்டி, அதன்மேல்
சுருட்டி ஒட்டிய பிள்ளை நாப்பி.

அடுத்த வாரமும் சீட்டு.
அதற்கடுத்த வாரம் பச்சைக்கும்.
பலகைகளைப் பெரிதாக்கினேன், அடிக்கோடு போட்டேன்.
கடற்புள்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து
வெள்ளையால் திருத்தின.

பத்தொன்பதாம் எண் வண்டி,
வுல்வர்ஹாம்ப்டன் ட்ராண்டர்.
முப்பது கோடையாக அதே இடம், இந்தக் கோடை தனியாக.
எரிவாயு உருளை மாற்ற வந்தவரிடம் புலம்பினேன்.
உருட்டுவதை நிறுத்தினார்.
"பெரில் போய்விட்டாளே" என்றார்,
அதுதான் பதில் என்பதுபோல.

எனக்கு விளங்கவில்லை.
ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், கையமர்த்தினார்.

பத்துமணிச் செய்தி முடிந்ததும்
நெற்றியில் விளக்கு கட்டிக்கொள்வாளாம்.
நீளமான இடுக்கி, ரப்பர் கையுறை.
ஊரார் போட்டதையெல்லாம் எடுத்து
அதது போகவேண்டிய தொட்டிக்கு மாற்றுவாளாம்.
கழுவாத புட்டிகளை வண்டிக்கே கொண்டுவருவாளாம்.
"நாற்றம் பிடித்தவளே, தள்ளிப் படு என்பேன்.
தள்ளிப் படுப்பாள்.
உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்பாள்.
பலகை எழுதுகிற பெண், பாவம்,
மனசு விட்டுப்போகும் என்பாள்."

உருளையை மாட்டிக்கொடுத்தேன்.
காசு வாங்க மறந்துவிட்டேன்.

கடிதத்தைக் கழற்ற
இரண்டுமுறை நாற்காலிமேல் ஏறினேன்.
ஒருமுறை தொலைபேசி அடித்தது.
மறுமுறை அடிக்கவில்லை,
இருந்தும் இறங்கிவிட்டேன்.

நேற்று இரவு பத்தரைக்கு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு போனேன்.
மூன்றாவது பையில் பீன்ஸ் தகரங்கள்,
ஒருவர் மட்டும் தின்னும் சின்ன அளவு,
ஏழு நாளைக்கு ஏழு.
யாருடையவை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
குழாயடியில் குந்தி ஆறைக் கழுவினேன்.
ஏழாவதற்குள் ஒரு கரண்டி,
தவறிப்போய் விழுந்தது,
காம்பில் பூ வேலை, இரட்டைக் கரண்டியில் ஒன்றாக இருக்கும்.
துடைத்துப் பத்தொன்பதின் படியில் வைத்துவிட்டு
திருடியைப்போல் திரும்பினேன்.
மயோனைஸ் புட்டி மட்டும்
எத்தனை அலசியும் வழுக்கிக்கொண்டே இருந்தது.

காலையில் வரிசையில் ட்ராண்டர்.
கையில் பெட்டி, நிறைந்த பெட்டி,
தோள் ஒருபக்கம் சாய்ந்திருந்ததிலேயே தெரிந்தது.
விரிகுடாவைப் பார்க்கவில்லை. என் எதிரே நின்றார்.
பின்னால் வந்தவர்கள் பதறி விலகினார்கள்.

"அதற்கு வெந்நீர் வேண்டும், மேனிர்" என்றார்.
"பச்சைத் தண்ணீருக்குப் போகாது."