வத்தல்மலையில் மின்தடை

பால்சிலம்புக்கு மேலே
சில்வர் ஓக் கிளை முறிந்து லைன்மேல் கிடக்கிறது என்று
போன் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை,
வீட்டில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது.
ஆறுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

மாதேஷ் பைக் ஓட்ட, நான் பின்னால்,
மடியில் கயிறும் கையுறையும்.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் தருமபுரி
இன்னும் கொஞ்சம் சின்னதானது.
கடைசி வளைவில் அதைத் தீப்பெட்டிக்குள் போட்டு
சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கலாம்.

கிளையை வெட்டி இழுத்தோம். கம்பியை முறுக்கிக் கட்டினோம்.
டிரான்ஸ்பார்மர் அடியில் பியூஸ் கட்டையைக் கையில் எடுத்தேன்.
அப்போதுதான் கேட்டது.

தகரக் கூரை, நீலச் சுவர், வாசலில் செருப்புகள்.
அவற்றில் இரண்டு ஒரு குழந்தையுடையவை, இரண்டும் இடது கால்.
கரண்ட் இல்லாத ஜெபவீடு.
மைக் செத்திருந்தது. கீபோர்டுமேல் துணி.
ஸ்பீக்கர் பெட்டியின்மேல் யாரோ தண்ணீர்ச் செம்பை வைத்திருந்தார்கள்.
மிஞ்சியது ஒரு கிதார்.

வாசித்தவள் எப்சிபா.
பாப்பிரெட்டிப்பட்டியில் புளி தட்டப் போகிறவள் என்று
மாதேஷ் பிறகு சொன்னான், அவனுக்கு எல்லாரையும் தெரியும்.
நகக்கண்ணில் புளியின் கறுப்பு.
ஆறில் நாலாவது கம்பி, பைக் கிளட்ச் ஒயரிலிருந்து
பிரித்த ஒற்றை இழை.
அதைத் தொடும்போது மட்டும் நாதத்தில் கொஞ்சம் தகரம்.

கட்டைவிரல் நடந்துகொண்டே இருந்தது,
மூட்டையோடு மலையேறுகிறவன் நடை,
இடது, வலது, இடது, வலது, மூச்சு மாறாமல்.
மற்ற இரண்டு விரல்களும் அவனோடு வந்த பிள்ளைகள்:
முன்னால் ஓடி, நின்று, களாக்காய் பறித்து,
அவன் தாண்டிப் போனதும்
மறுபடி ஓடி.
ஒரே கை. எத்தனை பேர் அதில்!

பாடினவர்கள் சேர்ந்து பாடவில்லை.
ஒருத்தர் முன்னே போனார்.
கனத்த ஒரு பெண்குரல் அரை அடி பின்தங்கியது.
இன்னொரு குரல் உயரத்தில்
கொடியில் காயும் துணிபோலத் தனியாக ஆடிற்று.
மூன்றும் ஒரே சொல்லில் வந்து இடித்துக்கொண்டன:
அக்கரை.

அந்த மலையில் ஆறே கிடையாது.
எனக்குத் தெரிந்த அக்கரை
ஒகேனக்கல்லில் பரிசல்காரனிடம் பேரம் பேசிப் போவது.
அங்கேயும் டீதான் விற்கிறான், கன்னடத்தில்.
என் சாமிக்குச் சுருட்டும் சேவலும்.
இருந்தும் முழங்கைக்கு மேல் மயிர் நின்றது,
ஹைடென்ஷன் லைனுக்கு அடியில் போனால் நிற்குமே, அப்படி.
என் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்:
தள்ளி நில்.
நான் கிட்டப் போனேன்.

“போடலாமாண்ணே?” என்றான் மாதேஷ்.
கையில் பீங்கான் கட்டை, வெயிலில் சூடு.
போட்டால் போதும்.
மைக் இருமும், கீபோர்டு தானே டிரம்ஸ் அடிக்கும்,
மண் சரிந்த மாதிரி அவள் விரல்களை மூடும்.
போடாவிட்டால்,
மாவு மில்லில் ராகியோடு நிற்கிறவர்கள்,
தொட்டிக்கு ஏறாத தண்ணீர்,
உயிர்விட்ட போன்கள்.
தெரியும். பதினெட்டு வருஷ சர்வீஸ்.

“ஒரு கனெக்‌ஷன் லூஸா இருக்கு, பாக்கணும்” என்றேன்.
மாதேஷ் கம்பத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
பிறகு கம்பத்தடியில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றினான்.

மூன்று பாட்டு.
மூன்றாவதில் கிளட்ச் ஒயர் அறுந்தது.
அவள் நிறுத்தவில்லை.
தரைப்பாலம் போன இடத்தில் ஆள் ஓடைக்குள் இறங்கி நடப்பதுபோல
கட்டைவிரல் பக்கத்துக் கம்பிக்கு இறங்கிக்கொண்டது.
என் பையில் கிலோ கணக்கில் கம்பி.
ஒன்றும் சுருதிக்கு ஆகாது.

கட்டையைச் சொருகினேன்.
உள்ளே ஒரே குரலாக ஸ்தோத்திரம் என்றார்கள்.
எனக்குச் சொன்னதா என்று
யாரிடம் கேட்பது.

ரிஜிஸ்டரில்
மின்தடை நீங்கிய நேரம்: 12.10.
காரணம்: மரக்கிளை.

இறங்கும்போது
கடைசி வளைவுக்கு முன்னால் மாதேஷ் வண்டியை நிறுத்தினான்.
“அண்ணே, ஹெல்மெட்டுல தட்டாதீங்க,
தலை அதிருது.”