இப்போதைக்கு

மணி இரண்டே முக்கால். பெருங்குடி, ஏழாம் மாடி.
தண்ணீர் லாரிக்கு இந்நேரம் யாரும் பதிவதில்லை.
ஆனாலும் சர்வருக்கு மூச்சு வாங்குகிறது:
பதினோரு நொடி நிற்கிறது, நாலடி நடக்கிறது,
பதிமூன்று நொடி நிற்கிறது.

செலஸ்டின் போனில்: "ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் படும்மா."
போன வாரமும் அதுதான் செய்தோம்.
அதற்கு முன் மெமரியை நாலு ஜிபியிலிருந்து எட்டாக்கினோம்.
நாலு நாளில் விழுந்தது எட்டு நாளில் விழுந்தது.
கேக் வெட்டினார்கள்.

வரைபடத்தைத் திறக்கிறேன். ரம்பப் பல்.
ஏறும், இறங்கும், அது அதன் சுபாவம்.
உச்சியைப் பார்த்துப் பயப்படுவது முதல் வருஷத்தோடு போயிற்று.
நான் பார்ப்பது பள்ளத்தை.
முழுசாகப் பெருக்கி முடித்த பிறகும்
தரை எங்கே இருக்கிறது?
சனிக்கிழமை இரண்டு ஜிபி. திங்கள் நாலரை.
இன்று தரையே எழுந்து கூரையில் முட்டுகிறது.

சன்னல் திறக்காத கட்டடம் இது,
காற்று திரும்பினால் மட்டும்
குப்பைமேட்டு வாடை எப்படியோ உள்ளே வரும்.
அங்கே கிளறுகிறவர்கள் யாரையும் கேட்பதில்லை.
இங்கே ஜாவாவின் குப்பைக்காரன் ரொம்ப மரியாதைக்காரன்.
எங்கிருந்தாவது ஒரு விரல் நீண்டு
"என்னுது" என்றால் தொடமாட்டான்.
வருகிறான், கேட்கிறான், வெறுங்கையோடு போகிறான்,
உடனே திரும்ப வருகிறான்.
அந்த அலைச்சல்தான் சிபியூவில் தொண்ணூற்றெட்டு சதவீதம்.

ஹீப் டம்ப் எடுத்தேன். திறப்பதற்குள் இரண்டு டீ.

ஒன்பது லட்சம் செஷன், ஒரே கொக்கியில்.
ஒரு ஸ்டாட்டிக் மேப். மேலே தங்கிலீஷில் ஒரு கமெண்ட்:
இப்போதைக்கு இங்க போட்டு வைக்கிறேன். ஹஸ்னா.
ஹஸ்னா வேலையை விட்டு இரண்டு வருஷம்.
போடும் வரி இருக்கிறது. எடுக்கும் வரி எங்கும் இல்லை.

லீக் என்கிறார்கள் இதை.
ஒன்றும் ஒழுகக் காணோம்.
ஒழுகிப் போக வேண்டியது
போக வழியின்றி நிற்கிறது.

ஒன்றைப் பிரித்தேன், பிரித்திருக்க வேண்டாம்.
கோவிலம்பாக்கம், பன்னிரண்டாயிரம் லிட்டர், ஞாயிறு இரவு.
குறிப்பு: வீட்ல பச்சக்குழந்தை, எத்தன மணின்னாலும் அனுப்புங்க.
நிலை: ரத்து.
யார் ரத்து செய்தது என்று அதில் இல்லை.

எடுக்கும் வரியை எழுதினேன். ஒரே வரி.
டெஸ்டில் பள்ளம் பள்ளமாகவே கிடந்தது, ஒரு மணி நேரம்.
பிறகு ரீஸ்டார்ட். ஒன்பது லட்சமும் போயிற்று.
எண் ஒன்றைக் கையில் குறித்துக்கொண்டேன்,
எதற்கென்று தெரியவில்லை.

கீழே விடியலின் முதல் லாரி.
வால்வு சரியாக மூடவில்லை போல.
ரேடியல் ரோடு நெடுக ஒரு ஈரக்கோடு.

செலஸ்டின்: "பண்ணிட்டியா?"
"பண்ணிட்டேன்."