ஆரஞ்சுக் கோடு

மின்னசோட்டாவில் ஏரிப்பனி உடையும் வாரம்
என் தொலைபேசிக்கு ஓய்வில்லை.
குளிர்காலம் மூடிவைத்ததையெல்லாம்
மண் ஏப்பம் விடும் வாரம் அது.

சிக்னே ஹாகன் வீட்டில்
குளியல் தொட்டி களகளவென்று பேசத் தொடங்கியிருந்தது.
பின்புறப் புல்வெளியில்
ஒரு பட்டை மட்டும்
ஏப்ரலிலேயே அத்தனை பச்சை.
அழகென்று படம் பிடித்து வைத்திருந்தார்.
நான் பூட்ஸை வைத்தேன்.
பொதக்.
மீதியை நாற்றம் சொன்னது.

பட்டையின் இருபுறமும் இரண்டு ஓக்.
நானும் உதவியாள் கோர்டியும் கைகோத்தும்
ஒரு முழம் குறைந்தது.

முன்பு வந்தவரின் மதிப்பீடு
சமையலறை மேசைமேல் கிடந்தது.
பழைய குழாயைத் தோண்டி அதே இடத்தில் புதியது.
கடைசி வரி: மரம் அகற்றல், இரண்டு.
அந்த வரிக்குக் கீழே
பென்சில் அழுத்திய ஒரு புள்ளி.

கேமராவைக் குழாய்க்குள் விட்டேன்.
திரையில் வேர்,
நனைந்த நரிவால்போல், மூட்டுக்கு மூட்டு.
"அப்போ குற்றவாளி இதுகள்தானா?"
விரிசல் முதலில் வந்தது.
கசிந்த இடத்துக்குத் தாகம் பிறகு போனது, அவ்வளவுதான்.

முப்பத்தோரு வருஷம்
இந்த வீட்டின் குளியலும் துணியும் பாத்திரமும்.
மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள்.
இங்கே வைத்தது யாரோ;
ஊற்றியவர்களுக்கே தெரியாது ஊற்றியது.

நான் மரம் காக்கும் ஆளில்லை.
என் இயந்திரம் ஒரே மதியத்தில் அறுத்த வேர்களுக்குக் கணக்கில்லை.
நான்கு வருஷம் கழித்து அவ்வழி போனால்
உச்சியிலிருந்து காய்ந்து நிற்கும்.
பில் எப்போதோ தீர்ந்திருக்கும்.
ஓரிரு ஊர்களுக்கு
இப்போது வேறு சாலையில் போகிறேன்.

ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி
கிளை முடியும் இடத்துக்கும் பத்தடி அப்பால்
ஆரஞ்சுக் கோடு போட்டேன்.
இதற்குள் என் வண்டி வராது.
பழைய குழாய் உள்ளேயே கிடக்கட்டும்,
பிடுங்கினால் வேரும் கூட வரும்.
புதுப் படுகை மேட்டில். ஒரு பம்ப்.
ஆறாயிரம் டாலர் கூடுதல்.

அவர் ஜன்னல் வழியே படகைப் பார்த்தார்.
"அதை விற்கிறேன்.
எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது.
மீனே பிடிக்காது."

ஆகஸ்டில் அழைத்தார்.
பம்ப் போச்சு என்று நினைத்தேன்.
"குடித்துப் பழகியவை, திடீரென நிறுத்திவிட்டோமே.
ஹோஸை எவ்வளவு நேரம் விடணும்?"

அவர் குரலுக்குப் பின்னால்
தண்ணீர் விழும் சத்தம்.
பதில் சொல்லாமல்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.